பதவியும் பணியும்

ஒரு பணியை ஏற்பதற்கு ஆற்றல் வேண்டும். அது நன்கு நடந்தேறிவரும் காலத்திலேயே அதனை விடுத்து அகல்வதற்கு ஆற்றலினும் மிக்க தெளிவு வேண்டும். மலேசிய மண்ணில் இத்தெளிவுக்குச் சான்றாக விளங்கியவர் தனிநாயகம் அடிகளார்.

1913ஆம் ஆண்டு ஈழநாட்டில் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் பிறந்த அடிகளார், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளராக விளங்கினார். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கித் தமிழின் பெருமையை உலக அறிஞர்க்கு உணர்த்தினார். 1961இல் இலங்கைப் பணியை விடுத்துக் கோலாலம்பூருக்கு வந்தார். பிரிக்பீல்ட்சுக்கு அணித்தாயுள்ள பந்தாய்ப் பள்ளத்தாக்கில் அமைந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றார்.

அவர்தம் வாழ்வின் செழுமையான காலம் அதுவே எனலாம். 1964 சனவரியில் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற அவர் முன்னின்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. 1679இல் அச்சான புரோவென்சாவின் தமிழ் - போர்த்துக்கீச அகராதியை உரோமாபுரியில் கண்டறிந்து, 1966இல் மலாயாப் பல்கலைக்கழக வெளியீடாக மீண்டும் அச்சேற்றியவரும் அவரே.

இத்துணைப் புகழும் பொருந்திய பதவியை 1969இல் அவர் துறந்தார். இதனால் துறைக்கு இழப்பு நேரவில்லை என்று கூறுதல் பொருந்தாது. பெரும் பேராசிரியர் ஒருவர் நீங்கும்போது மாணவர் வருந்துதல் இயல்பே. ஆயினும், ஒருவரையே நம்பி நிற்கும் கல்விப்பணி அவரோடு முடிந்துபோகும் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாநாடு ஓரூரில் தங்கிவிடவில்லை. 1968இல் சென்னைக்கும், 1970இல் பாரிசுக்கும், 1974இல் யாழ்ப்பாணத்திற்கும் சென்றது. பின்னர் 1987இலும் 2015இலும் கோலாலம்பூருக்கே திரும்பி வந்தது. அப்போது அடிகளார் இல்லை. அவர் வகுத்த வழி இருந்தது.

பதவியை விட்டவர் பணியை விட்டாரல்லர். 1980ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த செல்வநாயகம் நினைவுச் சொற்பொழிவில், தமிழாய்வு கடந்து வந்த பாதையையும் இனிச் செல்லவேண்டிய திசையையும் எடுத்துரைத்தார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் அவர் மறைந்தார்.

ஆசிரியப் பணியில் நெடுநாள் இன்பம் கண்டோர்க்கு நாற்காலியை விட்டெழுவது எளிதன்று. தாம் இல்லாத வகுப்பறையிலும் பாடம் தொடருமாறு மாணவரையும் நூலையும் அமைப்பையும் ஆக்கி வைத்தவரே அமைதியுடன் எழ வல்லவர். விடைபெறும் நாளுக்குரிய ஆயத்தம் பணியேற்ற நாளிலேயே தொடங்கிவிடுகிறது.