முதல் ஐந்நூறு கிலோமீட்டர்: 'ரன்னிங் இன்' காலத்தின் கதை

ஈ.சி.ஆர். வழியா பாண்டிச்சேரிக்குப் போறவங்களுக்கு மரக்காணத்தைத் தனியா அறிமுகப்படுத்த வேண்டாம். ரோட்டோரம் பாத்தி பாத்தியா உப்பளம், வெள்ளை வெள்ளையா குவியல். சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி உப்பளத்துத் தரையைக் காலால மிதிச்சு மிதிச்சுக் கெட்டிப்படுத்துவாங்க. தரை இறுகாம தண்ணி கட்டினா உப்போட சேறும் சேர்ந்து வரும்.

புது இன்ஜினுக்கும் இப்படி ஒரு மிதிக்கிற காலம் இருந்தது. அதுதான் 'ரன்னிங் இன்'. நம்ம மெக்கானிக்குகள் 'ரன்னிங் பீரியட்'னு சொல்வாங்க. ஒரு தலைமுறையே பயபக்தியோட கடைப்பிடிச்ச இந்த விஷயம் எங்கிருந்து வந்தது, ஏன் தேய்ஞ்சு போச்சு என்பதுதான் இன்றைய பேச்சு.

முதல்ல உள்ளே என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கக் கூடாது. அதுல குறுக்கும் மறுக்குமா மெல்லிய கீறல்களை வேணும்னே போடுறாங்க. இந்த வேலைக்குப் பேரு ஹோனிங். அந்தக் கீறல்ல ஆயில் தங்கும். கீறல்களோட மேட்டுப் பகுதியை பிஸ்டன் ரிங் உரசி உரசித் தேய்க்கும், ரிங்கும் கொஞ்சம் தேயும், கடைசியில ஒண்ணுக்கொண்ணு பொருந்திடும். தேய்ஞ்ச இரும்புத்தூள் எங்கே போகும்? ஆயில்லதான். அதனாலதான் முதல் ஆயிலைச் சீக்கிரமே வடிச்சிடணும்னு சொன்னாங்க.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கு. ரிங்கைச் சுவரோட அழுத்திப் பிடிக்கிறது அதோட சொந்த விறைப்பு மட்டும் இல்ல, எரியுற வாயுவோட அழுத்தமும்தான். ரொம்பப் பயந்து, ஆமை மாதிரி ஓட்டினா அந்த அழுத்தம் போதாது. ரிங் சரியா உட்காராம சுவர் வழுவழுப்பாகிடும், அப்புறம் வண்டி காலத்துக்கும் ஆயில் குடிக்கும். 'மெதுவா ஓட்டு'ங்கிற அறிவுரை பாதி உண்மைதான். மிதமான லோடு, வேகத்தை ஏத்தி இறக்கி ஓட்டுறது, இதுதான் முழு உண்மை.

பழைய இன்ஜின்கள்ல இந்தத் தேய்மானம் ரொம்ப அதிகம். கடைசல் வேலை இன்னைக்கு இருக்கிற அளவு துல்லியமா இல்ல. 1950கள்ல இங்கிலாந்துல புதுக் கார் வாங்கினவங்க பின் கண்ணாடியில 'ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்'னு ஒட்டிக்கிட்டே போனாங்க. நான் மெதுவாத்தான் போவேன், நீங்க தாண்டிப் போங்கன்னு அர்த்தம். ஆயில் ஃபில்டரே அப்போ ரொம்பப் பழசு கிடையாது. அமெரிக்காவுல ஸ்வீட்லேண்டும் கிரீன்ஹால்கும் 'பியூரோலேட்டர்' ஃபில்டரைக் கொண்டு வந்தது 1923ல.

நம்ம பக்கம் அந்த இங்கிலாந்துப் பழக்கம் அப்படியே வந்து இறங்குச்சு, ஏன்னா இன்ஜினும் அங்கிருந்துதான் வந்தது. திருவொற்றியூர்ல 1955ல என்ஃபீல்டு புல்லட். பெருங்களத்தூர்ல ஸ்டாண்டர்ட் கம்பெனியோட ஹெரால்டு, 1961ல இருந்து. உத்தரபாராவுல மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வச்சு வந்த அம்பாசடர். புல்லட்டுக்கு முதல் 500 கிலோமீட்டர்ல ஆயில் மாத்தணுங்கிறது வாங்கினவன் மனப்பாடமா வச்சிருந்த பாடம்.

ஆனா நம்ம ஊர்ல இது சடங்கு மாதிரி ஆனதுக்கு வேற காரணம் இருக்குன்னு நினைக்கிறேன். பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருந்து கிடைச்ச கார் அது. இன்ஜின் போச்சுன்னா இன்னொண்ணு உடனே வராது. அப்ப என்ன பண்ணுவாங்க? ரீபோர். சிலிண்டரைக் கொஞ்சம் பெருசாக் குடைஞ்சு, பெரிய சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போட்டு, மறுபடி ஓட்டுவாங்க. ரீபோர் பண்ணின வண்டியும் புது வண்டிதான், அதுக்கும் ரன்னிங் இன் உண்டு. ஒரே காருக்கு ரெண்டு மூணு தடவை அந்த விரதம்! இங்கிலாந்துல புதுக் கார்க்காரனோட பழக்கம், இங்கே பழைய கார்க்காரனோட பழக்கமாவும் ஆச்சு. பட்டறையை விட்டு வண்டி வெளியே வரும்போது மெக்கானிக் சொல்ற கடைசி வார்த்தை அதுதான்: 'அண்ணே, ஐம்பதைத் தாண்டாதீங்க, ஐந்நூறு ஓடினதும் கொண்டு வந்து ஆயில் மாத்திடுங்க.'

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. சுஸுகியோட 796 சிசி இன்ஜின். கடைசல் துல்லியம் வேற தரத்துக்குப் போச்சு. அதுக்கப்புறம் 'பிளாட்டோ ஹோனிங்' பரவலாச்சு. ரிங் தேய்க்க வேண்டிய மேட்டை ஃபேக்டரியிலேயே சீவிட்டு, ஆயில் தங்குற பள்ளத்தை மட்டும் விட்டுடுறாங்க. அதாவது நீங்க ரோட்டுல செஞ்ச வேலையில பெரும்பகுதியை இப்ப மெஷினே செய்யுது. இன்னைக்குப் பல பெட்ரோல் கார்களுக்கு முதல் ஆயில் மாத்துறது 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம். ஹோண்டா மாதிரி கம்பெனிகள் ஃபேக்டரியில ஊத்தின ஆயிலைச் சீக்கிரம் வடிக்காதீங்கன்னே சொல்லியிருக்கு.

இருந்தாலும் 1,000 கிலோமீட்டர்லயே ஆயிலை மாத்துறவங்க இருக்காங்க. அவங்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வரல. செலவு சில ஆயிரம், கெடுதல் பெரும்பாலும் இல்ல. ஆனா உங்க வண்டியோட மேனுவல் வேண்டாம்னு சொன்னா, நான் மேனுவல் பக்கம்தான்.

இப்ப ஈ.சி.ஆருக்கு வருவோம். புதுக் காரை எடுத்ததும் 'நல்ல ரோடு, ரன்னிங் ஆகட்டும்'னு சென்னையில இருந்து மரக்காணம் தாண்டி பாண்டி வரைக்கும் ஒரே எண்பதுல ஓட்டுறாங்க. சமதளம், நேர் ரோடு. இன்ஜினுக்கு ஒரே வேகம், ஒரே லோடு. ரன்னிங் இன்னுக்கு அது அவ்வளவு உசத்தி இல்ல. பழைய ஜி.எஸ்.டி. ரோடு வழியா திண்டிவனம் போய், ஊர் ஊரா கியர் மாத்திக்கிட்டு மரக்காணம் வந்த அந்தக் காலத்து ஹெரால்டுக்குத்தான் நல்ல பயிற்சி கிடைச்சிருக்கும்.

ரன்னிங் இன் முழுசா ஒழிஞ்சிடல. ரீபோர் முடிஞ்சு பட்டறையில இருந்து திரும்புற ஆயில் இன்ஜினுக்கு இன்னைக்கும் அதே விதிதான். முதல் சில மணி நேரம் முழு லோடு கொடுக்காம ஓட்டணும், நிறுத்தி ஆற விடணும், நட்டு போல்ட்டை மறுபடி இறுக்கணும், அந்த முதல் கறுத்த ஆயிலை வடிச்சுட்டுப் புதுசு ஊத்தணும். அதுக்கப்புறம்தான் முழு வேலைக்கு விடணும்.