பின்னங்களைக் கழித்து வட்டத்தை அளந்தவர்

சைன், கொசைன் வரும் பின்னங்களைக் கழிக்கச் சொன்னால் நாம் முதலில் தேடுவது மீ.பொ.ம.-வைத்தான். பகுதிகளைச் சமமாக்க வேண்டும், குறுக்கே பெருக்க வேண்டும், முற்றொருமை போட்டுச் சுருக்க வேண்டும்... ஆனால் சுமார் 600 வருடங்களுக்கு முன்பு கேரளத்தில் ஒருவர் இப்படிப்பட்ட பின்னங்களை வரிசையாக எழுதி, மீ.பொ.ம. இல்லாமலேயே கழித்துக் காட்டியிருக்கிறார்.

அவர் பெயர் மாதவன். ஊர் சங்கமகிராமம். காலம் ஏறக்குறைய 1340 முதல் 1425 வரை. ஒரு கோணத்தின் சைனும் கொசைனும் தெரியும், அதற்குரிய வில்லின் நீளம் என்ன? இதுதான் கேள்வி. வானியல் கணக்குகளுக்கு இது அவசியம். ஆரம் 1 என்று வைத்துக்கொண்டால், அவருடைய விடை இன்றைய முறையில் இப்படி இருக்கும்:

வில் = சைன்/கொசைன் − சைன்³/(3 × கொசைன்³) + சைன்⁵/(5 × கொசைன்⁵) − ...

இது முடிவில்லாமல் போகும். கழிக்கும் விதி மிக எளிது. 1, 3, 5 என ஒற்றை இடங்களில் வரும் உறுப்புகளைத் தனியாகக் கூட்டு. இரட்டை இடங்களில் வருபவற்றைத் தனியாகக் கூட்டு. முதல் தொகையிலிருந்து இரண்டாவதைக் கழி. காமர்ஸ் படிப்பவர்களுக்குப் பழகிய வழிதான்! வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம், கடைசியில் ஒரே ஒரு கழித்தல்.

ஒரு நிபந்தனை உண்டு. சைன் கொசைனைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. அதாவது 45 பாகை வரைதான். அதைத் தாண்டினால் உறுப்புகள் போகப் போகப் பெரிதாகிவிடும்.

எந்தக் கோணத்தை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். 45 பாகைக்கு ஆறு உறுப்புகள் போட்டு 4-ஆல் பெருக்கினால், பை மதிப்பு 2.976 என்றுதான் வருகிறது. 30 பாகைக்கு அதே ஆறு உறுப்புகள் போட்டு 6-ஆல் பெருக்கினால் 3.1413! மாதவன் பெயரில் சொல்லப்படும் பை மதிப்பு 11 தசம இடங்களுக்குச் சரியாக இருக்கிறது.

இதைப் பற்றி மாதவனே எழுதிய நூல் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் வழிவந்தவர்கள்தான் காப்பாற்றினார்கள். ஜ்யேஷ்டதேவர் சுமார் 1530-ல் மலையாள உரைநடையில் எழுதிய 'யுக்திபாஷா'வில் விதி மட்டுமல்ல, நிரூபணமும் இருக்கிறது. ஐரோப்பாவில் கிரிகோரி இதே தொடரைக் கண்டது 1671-ல். லைப்னிட்ஸ் அதற்குச் சில வருடங்கள் கழித்து. பெயர் அவர்களுக்கே போனது.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சார்லஸ் விஷ் கேரள நூல்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1834-ல் வெளிவந்தும் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1940-களில் முகுந்த மாராரும் சி. டி. ராஜகோபாலும் எழுதிய பிறகுதான் கவனம் திரும்பியது. இன்று பல புத்தகங்களில் 'மாதவ-லைப்னிட்ஸ் தொடர்' என்றே போடுகிறார்கள்.

கால்குலேட்டர் கையில் இருந்தால் 30 பாகைக்குப் பத்து உறுப்புகள் போட்டுப் பாருங்கள் நண்பர்களே. 3.14159 வரும்!