இரண்டு பற்கள்

அந்தச் சிறுமிக்கு வயது 12. துப்பாக்கி அவளுடைய தாத்தாவுடையது, உரிமம் அவளுடையது. மொன்டானா மாநிலத்தில், யெல்லோஸ்டோன் பூங்காவின் வடக்கு வாசலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பாரடைஸ் பள்ளத்தாக்கில், ஒரு ஜனவரி சனிக்கிழமை விடிகாலை, வைக்கோல் கட்டுகளின் மறைவில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். சிறுமி, அவள் தாத்தா, அவள் அப்பா, நான். அப்பா என்னோடு வேலை செய்பவர். ஒரு மென்பொருள் மாற்றத்துக்காக போஸ்மன் நகரில் ஆறு மாதம் தங்கியிருந்த என்னை, "மகளுக்கு முதல் வேட்டை, வந்து பார்" என்று கூப்பிட்டிருந்தார்.

நால்வரும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை அணிந்திருந்தோம். வேட்டை என்றால் ஒளிந்திருப்பது என்று நினைத்திருந்த எனக்கு இது விசித்திரமாக இருந்தது. இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் ஆரஞ்சு தெரியவேண்டும் என்பது மொன்டானா சட்டம். மானின் கண்ணுக்கு அந்த நிறம் அவ்வளவாகத் தெரியாது, மற்ற வேட்டைக்காரர்களின் கண்ணுக்குத் தெரியும். கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்ட நேரத்தில் எல்க் கூட்டம் வந்தது.

எல்க் என்றால் நம் கடமானுக்கு உறவு, உருவத்தில் அதைவிடப் பெரிது. ஷானி மொழிப் பெயர் வாபிட்டி, வெள்ளைப் பிட்டம் உடையது என்று பொருள். இருபது முப்பது பெண் எல்க்குகள் வேலியைத் தாண்டி, மாடுகளுக்கு வைத்திருந்த தீவனத்தை நோக்கி நடந்தன. சிறுமி துப்பாக்கியை முக்காலியில் வைத்துக் குறிபார்த்தாள். தூரம் 150 கஜம்கூட இருக்காது. தாத்தா அவள் காதருகே, "பின்னால் என்ன நிற்கிறது?" என்றார். அவள் குறிவைத்திருந்த எல்க்குக்குப் பின்னால் இன்னொன்று நின்றது. தோட்டா ஒன்றைத் துளைத்து அடுத்ததிலும் பாயும். அவள் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். முன்னால் நின்றது நகரும் என்று காத்திருந்தோம். அது நகர்ந்தபோது இன்னொன்று வந்து நின்றது. நாற்பது நிமிடம் இப்படியே போனது. பிறகு எங்கோ ஒரு நாய் குரைக்க, கூட்டம் மொத்தமாக மலையேறிவிட்டது. யாரும் அவளைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

திரும்பும் வழியில் நண்பர் சொன்னார்: "எங்கள் குடும்பத்தில் ஐந்து தலைமுறையாக இப்படித்தான்."

அந்த வாக்கியம் என்னை விடவில்லை. ஐந்து தலைமுறை என்றால் ஏறக்குறைய 1900. அன்றைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் 'இப்படி' எதுவும் இருந்திருக்க முடியாது. ஐரோப்பியர் வருவதற்கு முன் வட அமெரிக்காவில் ஒரு கோடி எல்க் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் குறைவு. கிழக்குப் பகுதியின் எல்க் இனம் அடியோடு அழிந்துவிட்டது. மிஞ்சியவற்றில் பெரும்பகுதி யெல்லோஸ்டோனிலும் அதைச் சுற்றியும்தான். 1872இல் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதற்குள் வேட்டையைத் தடைசெய்தது 1883இல். மீறுபவனைத் தண்டிக்கச் சட்டம் வந்தது 1894இல்தான். இடைப்பட்ட பதினோரு வருடமும் பிடிபட்டவனைப் பூங்காவுக்கு வெளியே துரத்திவிடுவதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

எல்க்குக்குப் பூங்காவின் எல்லை தெரியாது. கோடையில் மலைமேல் மேயும், பனி ஆழமானால் புல்லைத் தேடிப் பள்ளத்தாக்குக்கு இறங்கும். வடக்கே இறங்குபவை கார்டினர் என்ற சிற்றூர் வழியாகத்தான் வரவேண்டும். அந்த எல்லைக்கோட்டில் 20ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஆட்கள் வரிசையாக நின்று, கோட்டைத் தாண்டிய மறுநிமிடம் கூட்டத்துக்குள் சுட்டார்கள். அதற்கு 'துப்பாக்கி வரிசை' என்றே பெயர் விழுந்தது. எது யாருடைய தோட்டா, எது காயம்பட்டு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. "பின்னால் என்ன நிற்கிறது?" என்ற தாத்தாவின் கேள்வியை அந்த வரிசையில் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

இறைச்சிக்காகச் சுட்டவர்களையாவது புரிந்துகொள்ளலாம். பல்லுக்காகச் சுட்டவர்களும் இருந்தார்கள். எல்க்கின் மேல்தாடையில் இரண்டு பற்கள் மட்டும் தந்தத்தால் ஆனவை. எப்போதோ வாழ்ந்த மூதாதையின் கோரைப்பற்களின் எச்சம் அவை. 1868இல் நியூயார்க்கில் தொடங்கிய 'எல்க்ஸ்' என்ற சகோதரச் சங்கத்தின் உறுப்பினர்கள் இந்தப் பல்லைக் கடிகாரச் சங்கிலியில் கோத்து அணிந்தார்கள். சங்கம் பெருகியது, பல்லுக்கு விலை ஏறியது. பனியில் சிக்கிப் பலவீனமாக நின்ற மிருகங்களைச் சுட்டு, இரண்டு பற்களைப் பிடுங்கிக்கொண்டு, இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட உடலை அப்படியே விட்டுவிட்டுப் போக ஒரு தொழிலே உருவானது. வயோமிங்கின் ஜாக்சன் ஹோல் பகுதியில் குடியேறியவர்களே கடைசியில் இவர்களை விரட்டினார்கள். 1912இல் அங்கே எல்க்குகளுக்கென ஒரு சரணாலயம் அமைந்தது. குளிர்காலத்தில் அவற்றுக்குத் தீவனம் போடும் வழக்கம் இன்றும் அங்கே இருக்கிறது.

இதே பற்களை குரோ பெண்கள் தங்கள் உடையில் தைத்துக்கொண்டார்கள். ஓர் உடையில் நூற்றுக்கணக்கில். ஒரு விலங்குக்கு இரண்டே என்பதால், உடையைப் பார்த்தவுடன் அந்தக் குடும்பத்தின் வேட்டைத் திறமையும் பொறுமையும் தெரிந்துவிடும். போதாத இடத்தில் எலும்பைச் செதுக்கிப் பல்லைப்போலச் செய்து தைத்தார்கள்.

நண்பரின் குடும்பம் பழக்கம் என்று நினைப்பதில் பெரும்பகுதி பிறகு வந்த சட்டம். பருவம், உரிமம், ஒருவருக்கு ஒன்று என்ற சீட்டு, சுட்டவுடன் அந்தச் சீட்டில் தேதியைக் குறித்தாகவேண்டும் என்ற விதி, உண்ணக்கூடிய இறைச்சியை வீணாக்கினால் குற்றம் என்ற விதி. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியை வனவிலங்குக்கே திருப்பியது. சிறுமி உரிமம் வாங்குமுன் தேறவேண்டியிருந்த வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்கு இன்றைக்கும் அந்த வரிப்பணம் உதவுகிறது. எண்ணிக்கை கூடியது. கூடியபின் அதுவே தலைவலியானது. 1961-62 குளிர்காலத்தில் பூங்காக் காவலர்களே யெல்லோஸ்டோனுக்குள் 4,000க்கும் மேற்பட்ட எல்க்குகளைச் சுட்டுத் தள்ளினார்கள். நாடே கொதித்தது, சில வருடங்களில் அது நின்றது. 1995இல் ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். வடக்குக் கூட்டம் 1994இல் சுமார் 19,000, 2013இல் 4,000க்கும் குறைவு. ஓநாய் மட்டும் காரணமா என்று மொன்டானா மதுக்கடையில் கேட்டுவிடாதீர்கள், வீடு திரும்ப நேரமாகும்.

இதுவரை சொன்னது, அழிவிலிருந்து மீண்ட கதை. அமெரிக்கர்கள் இதைப் பெருமையோடு சொல்வார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் எல்க்ஸ் சங்கம் தொடங்கிய அதே 1868இல் வேறு இரண்டு காரியங்களும் நடந்தன. மே மாதம் லாரமி கோட்டையில் குரோ மக்களோடும், ஜூலையில் பிரிட்ஜர் கோட்டையில் ஷோஷோனி, பான்னக் மக்களோடும் அமெரிக்க அரசு உடன்படிக்கை செய்தது. குரோக்கள் 3 கோடி ஏக்கருக்கும் மேலான நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். பதிலாகக் கிடைத்தவற்றில் ஒன்று, யாரும் குடியேறாத அமெரிக்க நிலங்களில் விலங்கு இருக்கும்வரை வேட்டையாடும் உரிமை.

1895 ஜூலையில் பான்னக் குடும்பங்கள் சில, அந்த உரிமையை நம்பி ஜாக்சன் ஹோல் பக்கம் எல்க் வேட்டைக்கு வந்திருந்தன. குடும்பங்கள் என்றுதான் சொல்லவேண்டும், ஆண்களோடு பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். இறைச்சியை உலர்த்துவதும் தோலைப் பதப்படுத்துவதும் எல்லோருமாகச் செய்யும் வேலை. வயோமிங்கின் புதிய வேட்டைச் சட்டத்தை மீறினார்கள் என்று குடியேறிகளின் ஆயுதப்படை அவர்களைப் பிடித்தது. அந்தக் குடியேறிகளில் பலருக்குப் பிழைப்பே, கிழக்கிலிருந்து வரும் பணக்கார வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டுவது. கொண்டுபோகும் வழியில் கைதிகள் தப்பியோட, படை சுட்டது. ஒரு முதியவர் இறந்தார். அந்த ஓட்டத்தில் சிறு குழந்தைகள் தவறிப்போயின. கிழக்குப் பத்திரிகைகளோ குடியேறிகள் கொல்லப்பட்டதாகச் செய்தி போட்டன. ஒரு குடியேறிகூடச் சாகவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏழு எல்க்குகளைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட பான்னக் மனிதரின் பெயர் ரேஸ் ஹார்ஸ். 1896இல் தீர்ப்பு: 1890இல் வயோமிங் மாநிலமானபோதே அந்த உரிமை போய்விட்டது. உடன்படிக்கை செய்த இரு தரப்பில் ஒரு தரப்புக்குத் தெரியாமலே அது காலாவதியாகியிருந்தது.

2014 ஜனவரியில் கிளேவின் ஹெரெரா என்ற குரோ மனிதரும் இன்னும் சிலரும் மொன்டானாவில் தங்கள் ஒதுக்கீட்டு நிலத்தில் எல்க்கைத் தொடர்ந்து போனார்கள். எல்க்குகள் எல்லை தாண்டி வயோமிங்கின் பிக்ஹார்ன் தேசிய வனத்துக்குள் புகுந்தன. அவர்களும் புகுந்து, சுட்டு, இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பருவமல்லாத காலத்தில் வேட்டையாடினார் என்று வழக்கு. உடன்படிக்கையைப் பற்றிப் பேசவே விசாரணை நீதிமன்றம் விடவில்லை. அபராதம், மூன்று வருடம் வேட்டைத் தடை, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதைப் புரட்டியது. மாநிலமானதால் உரிமை போய்விடாது என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் எழுதினார். ரேஸ் ஹார்ஸ் தீர்ப்பு 123 வருடம் தாக்குப்பிடித்திருந்தது. அப்போதும் முழு விடுதலை இல்லை. அவர் சுட்ட இடம் 'குடியேறிய' இடமா, விலங்குப் பாதுகாப்புக்காக மாநிலம் கட்டுப்படுத்தலாமா என்று வாதிட வயோமிங்குக்கு இடம்விட்டு, வழக்கைக் கீழே திருப்பி அனுப்பினார்கள்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் லாரமி உடன்படிக்கையின் எல்லை விவரத்தில் என் கண் நின்றது. குரோ நிலத்தின் எல்லை யெல்லோஸ்டோன் ஆற்றின் நடுவழியாகப் போகிறது. பாரடைஸ் பள்ளத்தாக்கில் ஆற்றின் கிழக்குக் கரை முழுவதும் அவர்களுடையது. 1882இல்தான் இந்த மேற்குப் பகுதி அவர்களிடமிருந்து போனது. நாங்கள் உட்கார்ந்திருந்த வைக்கோல் கட்டுகள் இருந்தது கிழக்குக் கரையில்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். இந்தமுறை ஒரு பெண் எல்க் தனியாக, பக்கவாட்டில் நின்றது. தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. சிறுமியே மெதுவாக, "பின்னால் ஒன்றுமில்லை" என்றாள். சுட்டாள். அது முப்பது அடி ஓடி விழுந்தது. அவள் அழுதாள். அப்பா தோளில் கைவைத்தார். பிறகு சீட்டை எடுத்து, தேதியையும் மாதத்தையும் அவளே வெட்டிக் குறித்தாள்.

பிறகு மூன்று மணி நேரம் வேலை. எலும்பு உறையும் குளிரிலும் அந்தத் தடித்த தோலுக்குள் சூடு தங்கும், இறைச்சி கெடும். அதனால் உடனே உரிக்கவேண்டும். நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். கையிலிருந்து ஆவி பறந்தது. இடையில் தாத்தாவிடம், இங்கே உங்களுக்கு முன் வேட்டையாடியவர்கள் யார் என்று கேட்டேன்.

"குரோ," என்றார் நிமிராமல். "என் தாத்தா காலத்தில் இந்தக் கரையில் அவர்களுடைய அம்புமுனைகள் கிடைக்கும். ஒரு டப்பா நிறைய வைத்திருந்தார்." கொஞ்ச நேரம் வெட்டினார். "அவர்கள் இங்கே வந்து கேட்டதில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாது."

கடைசியில் மேல்தாடையிலிருந்து இரண்டு பற்களைக் கத்தியால் நெம்பி எடுத்து, பனியில் துடைத்து, பேத்தியின் உள்ளங்கையில் வைத்தார். பழுப்பேறிய, கடலைப் பருப்பு அளவுப் பற்கள். குரோ பெண்களின் உடையைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். நூறு பல் என்றால் ஐம்பது எல்க் என்று உடனே கணக்குப் போட்டாள். அந்த உடையை எங்கே பார்க்கலாம் என்று கேட்டாள். அருங்காட்சியகத்தில் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அப்பா, "குரோ ஏஜென்சியில் ஆகஸ்ட் மாதம் திருவிழா நடக்கும், அங்கே போட்டுக்கொண்டு வருவார்கள்" என்றார். இரண்டரை மணி நேரப் பயணம்தானாம். இதுவரை அவரும் போனதில்லை.