மாச்சா பிஸ்கட் வந்த வழி

மாச்சா வடிகட்டிக் குடிக்கும் தேநீர் அன்று. இலையையே மாவுபோல அரைத்து, வெந்நீரில் கலக்கி, வண்டல் உட்பட அருந்துவது. இலை முழுவதும் உணவாக உள்ளே போவதால்தான் பிற்காலத்தில் அதற்குப் பிஸ்கட் மாவிலும் இடம் கிடைத்தது.

பொடித் தேநீர் பிறந்தது சீனாவில். சோங் மரபினர் ஆண்ட காலத்தில் (960–1279) ஆவியில் வேகவைத்து அச்சில் அழுத்திய தேயிலைக் கட்டிகளைப் பொடித்து, மூங்கில் மத்தால் நுரை எழக் கடைந்து குடித்தார்கள். பேரரசர் ஹுய்சோங் 1107இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1391இல் மிங் மரபின் முதல் பேரரசர் கட்டித் தேயிலையைத் திறையாக வாங்குவதை நிறுத்தினார். உதிரி இலைத் தேநீர் பரவ, பொடித் தேநீர் பிறந்த மண்ணிலேயே மறைந்தது. அதற்குள் அது ஜப்பானில் வேர்விட்டிருந்தது. ஜென் துறவி எய்சாய் 1191இல் சீனாவிலிருந்து தேயிலை விதைகளோடு திரும்பி, 1211இல் தேநீரின் மருத்துவக் குணங்களை நூலாக எழுதினார்.

இன்றைய மாச்சாவின் சுவையை உருவாக்கியது கியோட்டோவை அடுத்த ஊஜி. 16ஆம் நூற்றாண்டிலேயே அங்குள்ள தோட்டக்காரர்கள் பறிப்புக்கு முன் செடிகளின் மேல் நாணலும் வைக்கோலும் கொண்டு பந்தலிட்டார்கள். வெயில் குறைந்தால் இலையில் பச்சையம் கூடும், கசப்பு தணியும். அந்த இலையை ஆவியில் காட்டி, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கித் திருகையில் அரைப்பார்கள். கல் திருகை ஒன்று ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 40 கிராம்தான் தரும். வேகத்தைக் கூட்டினால் கல் சூடேறி மணம் கெடும். மாச்சாவின் விலைக்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம்.

தேநீர்ச் சடங்கில் இனிப்புக்கு எப்போதும் இடம் உண்டு. ஆனால் முதலில் இனிப்பு, அது முடிந்தபின் தேநீர் என்பதே முறை. தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூவின் காலத்தில் (1522–1591) கோதுமை மாவை மெல்லிய தோசைபோல வார்த்து, மிசோ தடவிச் சுருட்டிப் பரிமாறினார்கள். கசப்பும் இனிப்பும் ஒரே வாயில் அடுத்தடுத்துச் சந்தித்தனவே தவிர, ஒரே மாவில் கலக்கவில்லை.

அந்தக் கலப்புக்கு மூடிய அடுப்பும் வெண்ணெயும் வேண்டியிருந்தன. 1543இல் ஜப்பானில் வந்திறங்கிய போர்ச்சுகீசியர் வழியே கஸ்தெரா கேக்கும் போரோ பிஸ்கட்டும் அறிமுகமாயின. ஆனால் பாலும் வெண்ணெயும் மக்களின் சமையலில் சேரவில்லை. 1855 பிப்ரவரி 28இல் மீதோ பகுதி மருத்துவர் ஷிபாத்தா ஹோஆன் நாகசாகியிலிருந்து பிஸ்கட் செய்முறையைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். கெடாத படையுணவு என்பதே அப்போது அதன் மதிப்பு. 1868க்குப் பின் மெய்ஜி காலத்தில்தான் மேற்கத்திய அடுமனைகள் பெருகின.

அடுப்பு வந்தபின்னும் ஒரு தடை இருந்தது. சூடு பச்சையத்திலுள்ள மக்னீசியத்தைப் பிரித்துவிடும். பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகும். ஆகவே மாச்சா பிஸ்கட்டைச் சுமார் 150–160 டிகிரி செல்சியஸ் சூட்டில், ஓரம் சிவக்குமுன்பே எடுத்துவிடுவார்கள். கட்டிபடாமலிருக்கப் பொடியை மாவோடு சேர்த்துச் சலிப்பார்கள்; நிறம் காக்க வெளிச்சம் படாமல் பொதிவார்கள். நல்ல மாச்சா பிஸ்கட்டை நிறமே காட்டிக்கொடுக்கும்.

மாச்சாவைக் கிண்ணத்திலிருந்து கடைத்தெருவுக்குக் கொண்டுவந்ததில் பிற இனிப்புகளுக்கும் பங்குண்டு. 1978இல் கியோட்டோவின் கியோன் பகுதியில் திறந்த சுஜிரி தேநீரகம் மாச்சா பர்ஃபே என்னும் இனிப்புக்குப் பெயர்பெற்றது. 1996இல் ஹாகன்டாஸ் பச்சைத் தேயிலை ஐஸ்கிரீமும், 2004இல் மாச்சா கிட்கேட்டும் ஜப்பானில் வந்தன. கியோட்டோவின் மால்பிரான்ஷ் கடை, இரண்டு மெல்லிய மாச்சா பிஸ்கட்டுகளுக்கிடையே வெள்ளைச் சாக்லேட் வைத்துச் செய்யும் 'சா நோ கா' இன்று அந்நகரின் பயணப் பரிசாகவே ஆகிவிட்டது. பிஸ்கட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் போகும் பொடியில் ஒரு பகுதி ஐச்சி மாநிலத்தின் நிஷியோ போன்ற ஊர்களிலிருந்து வருகிறது. ஜப்பானில் மாச்சாவுக்கான இலை உற்பத்தி 2010இல் 1,471 டன்னாக இருந்தது. 2023இல் அது 4,176 டன்.