வில்லோர் கழகங்களும் கூட்டு வாழ்வும்



மக்கள் தனித்து வாழ்தலினும் கூடி வாழ்தல் சிறந்ததென்பது யாவரும் ஒப்ப முடிந்ததே. ஆயின், கூடுதற்கு ஒரு நிமித்தம் வேண்டும். உழவும் நெசவும் வழிபாடும் விழாவும் அங்ஙனம் மக்களைக் கூட்டுவனவாம். அவற்றோடு ஒப்ப எண்ணத்தக்க பிறிதொன்று உண்டு, அதுவே வில். ஒரு மூங்கிற் கழியும் ஒரு நாணும் ஊராரை ஓரிடத்துச் சேர்த்து, முறை வகுத்து, இளைஞரைப் பயிற்றி, பகைவரையும் நண்பராக்கிய வரலாறு பல நாடுகளில் நிகழ்ந்துள்ளது.

குண்டடத்தில் நம் இளைஞர் பொருட்டு ஒரு வில்லோர் கழகம் அமைத்தல் வேண்டுமென அன்பர் சிலர் விரும்புகின்றனர். வேறு சிலரோ, “வில் பழைய வேட்டைக் கருவி, நாள்தோறும் பேருந்தேறித் திருப்பூர்ப் பனியன் ஆலைகட்குச் செல்லும் பிள்ளைகட்கு அதனால் யாது பயன்?” என வினவுகின்றனர். இரு சாரார் கூற்றும் தள்ளத்தக்கனவல்ல. ஆதலின், வில்லோர் குழுக்கள் முன்னர் எவ்வாறு வாழ்ந்தன, இன்று எவ்வாறு வாழ்கின்றன என்பதனை ஆராய்ந்து, பின்னர் ஒரு முடிபுக்கு வருதலே முறையாகும்.

வில்லின் பழமை

தமிழ் மூவேந்தருள் சேரர்க்கு உரிய பொறி வில். அவர்க்கு வில்லவர் என்னும் பெயரும் உண்டு. அச் சேரர் ஆணையின்கீழ் ஒரு காலத்து நின்ற கொங்கு நாட்டார்க்கு வில் அயற்பொருளன்று. கொல்லிமலைத் தலைவன் ஓரியை ‘வல்வில்’ என்னும் அடையொடு சேர்த்தே புலவர் போற்றினர். அம்மலையில் ஆண்டுதோறும் ஆடித் திங்களில் வல்வில் ஓரி விழா அரசினரால் இன்றும் நடத்தப்படுகின்றது. அதன்கண் வில்வித்தைப் போட்டியும் இடம்பெறுவதுண்டு.

அரசர்க்கு மட்டுமே வில் உரியதாயிருந்ததில்லை. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்துள்ள நடுகற்களைக் காண்போர் இதனை எளிதில் உணர்வர். ஆனிரை கவரவும், கவரப்பட்ட ஆனிரையை மீட்கவும் பொருது பட்ட வீரர், ஒரு கையில் வில்லும் மறுகையில் வாளுமாக அக்கற்களில் நிற்கின்றனர். அவர் பெருநில வேந்தரல்லர்; ஊர்காத்த எளிய மாந்தரே. வில் ஊரின் காவற்பொருளாயிருந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

முதலாம் இராசராசன் ஆட்சி 985 முதல் 1014 வரை நிகழ்ந்தது. அவன் எடுப்பித்து, 1010-இல் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுகள் பல படைப்பிரிவுகளின் பெயர்களைக் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று ‘பண்டித சோழத் தெரிந்த வில்லிகள்’ என்பது. ‘தெரிந்த’ என்னுஞ் சொற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட என்பது பொருள். ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், அக்காலத்துப் படைப்பிரிவுகள் போர்க்களத்தில் மட்டும் கூடிக் கலைந்த கூட்டங்களல்ல என்பதே. கோயிற் பொருளை வட்டிக்கு ஏற்று, அதற்கீடாகக் குறித்த கடனைச் செலுத்தும் பொறுப்பும், திருமேனிகளின் வழிபாட்டைப் புரக்கும் பொறுப்பும் படைப்பிரிவுகள் சிலவற்றிடம் ஒப்புவிக்கப்பட்டிருந்தன. வழி வழி வருவோரையும் பிணிக்கத்தக்க ஒரு கூட்டமைப்பு உள்ளவரிடத்தன்றிப் பொதுப்பொருள் ஒப்புவிக்கப்படுமோ? ஆகவே, படைக்கலம் ஏந்தியோர் அந்நாளிலேயே ஒரு சங்கமாய் இயங்கினர் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

கொங்கு நாட்டு அம்பு விழா

தாராபுரத்தை விராடபுரம் என்று கூறும் செவிவழி வழக்கு நம் பக்கத்தில் உண்டு. அதனை வரலாறென யாம் சாதிக்கப் புகவில்லை. ஆயினும், பாண்டவர் தம் படைக்கலங்களை வன்னி மரத்தில் மறைத்துவைத்து, ஓராண்டு கரந்துறைந்து, பின்னர் அவற்றை மீட்டனர் என்னும் பாரதக் கதை நம் மக்கள் உள்ளத்தில் வேரூன்றியமைக்கு அவ்வழக்கு ஓர் அறிகுறியாம். விசயதசமி நாளில் நம் கொங்கு நாட்டுக் கோயில்கள் பலவற்றில் நிகழும் அம்பு போடும் சடங்கும் இவ்வுணர்ச்சியோடு இயைந்ததே. பழனியில் அந்நாளில் முத்துக்குமாரசுவாமி கோதைமங்கலத்துக்கு எழுந்தருள, ஆங்கு நட்ட வாழையில் அம்பு எய்யப்படுதல் நாம் கண்டும் கேட்டும் அறிந்ததொன்று.

இச்சடங்கில் ஊரெல்லாம் கூடுகின்றது. ஆனால் எய்பவர் ஒருவர், ஏனையோர் காண்பவர். ஆண்டிற்கு ஒருநாள் எடுத்த வில் மறுநாள் மூலையிற் சார்த்தப்படுகின்றது. வில்லை வணங்குதல் நன்றே. எனினும் வணங்குதல் வேறு, பயிலுதல் வேறு. பயிற்சி அற்றவிடத்துக் கருவி ஓர் அணிகலனாக எஞ்சும். இவ்வேறுபாட்டைத் தெளிதற்கு, வில்லை இன்றளவும் விடாது பயின்றுவரும் இரு மலைவாழ் மக்களின் செய்தியை ஈண்டு எடுத்துரைப்பாம்.

வயநாட்டுக் குறிச்சியர்

நமக்கு மேற்கே, குடகுமலைத் தொடரில் உள்ள வயநாட்டில் வாழ்வோர் குறிச்சியர். ஒரு மூத்தோன் தலைமையில் பல குடும்பங்கள் ஒருங்கே உறைந்து, ஒருங்கே உழுது உண்ணும் கூட்டுக் குடும்ப முறை அவர்க்கு உரியது. அவர்தம் சிறுவர் இளமையிலேயே வில் பிடிக்கப் பழகுவர். வேட்டை அவர்க்கு ஒருவன் தொழிலன்று, பலர் சேர்ந்து செல்லும் கூட்டுச் செயல், கிடைத்ததும் பங்கிடப்படுவது.

கேரளவர்மப் பழசி ராசா ஆங்கிலக் கும்பினியாரை எதிர்த்துப் போர் தொடுத்தபோது, அவர்க்குப் பெருந்துணையாய் நின்றோர் இக்குறிச்சியரே. 1802-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் எடச்சேன குங்கனும் குறிச்சியர் தலைவன் தலைக்கல் சந்துவும் வில்லோர் படையொடு பனமரம் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினர். துப்பாக்கி ஏந்தியவரை மூங்கில் வில் ஏந்தியவர் வென்ற நாள் அது. கூட்டுப் பயிற்சியும் காட்டின் அறிவும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையுமே அவ்வெற்றிக்கு ஏதுவாயின.

நம் கொங்கு நாட்டுத் தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டது 1805-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள். தலைக்கல் சந்து கொல்லப்பட்டதும், பழசி ராசா உயிர்நீத்ததும் அவ்வாண்டின் நவம்பர்த் திங்களிலேயே. மலையின் இருபுறத்தும் ஓராண்டிலேயே விளக்குகள் அவிந்தன. குறிச்சியர் 1812-இல் மீண்டும் கிளர்ந்தனர், அடக்கப்பட்டனர். பின்னர் 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டையும் நின்றது. போரும் போயிற்று, வேட்டையும் போயிற்று; ஆயினும் அவர் வில்லைக் கைவிட்டாரல்லர். விழாக்களிலும் போட்டிகளிலும் அதனைப் பேணுகின்றனர். ஒரு கருவி தன் முதற்பயனை இழந்த பின்னரும் தன்னைப் பற்றியோரை ஒருங்கு சேர்த்து நிறுத்தவல்லது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாம்.

காசி மலையார்

இனி, இந்தியாவின் வடகீழ்த்திசையில் மேகாலய மாநிலத்து வாழும் காசி இனத்தாரைக் காண்போம். இக்காசி கங்கைக் கரையிலுள்ள திருப்பதியன்று. மலைவாழ் இனமொன்றின் பெயர். இவர்தம் குடி தாய்வழியே வருவது. பிள்ளைகள் தாயின் குலப்பெயரைத் தாங்குவர். குடும்பச் சொத்தும் பெரும்பாலும் இளைய மகளையே சாரும். அங்ஙனமாயினும், ஆண்மகவு பிறந்து பெயரிடும் சடங்கில் அதன் பக்கத்தே ஒரு வில்லும் மூன்று அம்புகளும் வைத்தல் அவர் மரபு. அம்மூன்றும் முறையே தன்னையும் தன் குலத்தையும் தன் நாட்டையும் காத்தற்கு உரியன என்று பொருள் கூறுவர். தன்னைக் காக்க ஓர் அம்பு. பிறரைக் காக்க இரண்டு! பொருட்செறிவுடைய இம்மரபு நம் உள்ளத்திற் பதியத்தக்கது.

காசி ஊர்கள் ஒன்றோடொன்று வில்லாற் பொருது விளையாடுதல் நெடுநாள் வழக்கம். ஓரூரார் மற்றோரூராரை அழைப்பர். இலக்கு நடப்படும், இரு திறத்தாரும் முறையாக எய்வர், தைத்த அம்புகள் எண்ணப்படும். தம் கட்சியார்க்கு வெற்றி வேண்டி மந்திர மொழி கூறுவோரும் உண்டு. வென்ற ஊரார் ஆர்ப்பரித்து ஆடிப்பாடி இல்லம் திரும்புவர். குருதி சிந்தாது வலிமை காட்டும் இவ்விளையாட்டை ஒரு தாயே தன் மக்கட்குக் கற்பித்தாள் என்பது அவர் வழங்கும் கதை. பூசல் விளையத்தக்க அயலூர்களிடையே அம்பு எண்ணிக்கையோடு பகை தீரச் செய்த அறிவுடைமையை என்னென்பது!

இம்மரபின் வழிவந்த கழகங்களே சில்லாங் நகரத்து வில்லோர் கழகங்கள். அவற்றுள் 12 கழகங்கள் ஓர் அமைப்பின்கீழ் நின்று, ஞாயிறு ஒழிந்த நாள்களில் பிற்பகலில் மைதானத்திற் கூடி எய்கின்றன. வில்லோர் பிறைபோல் வளைந்த வரிசையில் அமர்ந்து, நடுவே நிறுத்திய உருளை வடிவான இலக்கின்மேல் குறித்த நேரத்திற்குள் அம்புகளைத் தொடுப்பர். முதியோரும் இளையோரும் அவ்வரிசையில் அடுத்தடுத்து இருப்பர். பின்னர் இலக்கிற் பட்ட அம்புகள் யாவரும் காண ஒவ்வொன்றாக எண்ணப்படும். கையின் திறமும் கணக்கின் நேர்மையும் ஒருங்கே வெளிப்படும் இடம் அது.

இனி, அதன் மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையன்று. எண்ணிவந்த தொகையின் ஈற்று இரண்டு இலக்கங்களின்மேல் மக்கள் பந்தயம் கட்டுகின்றனர். ‘தீர்’ எனப்படும் இப்பந்தயத்தை 1982-இல் மேகாலய அரசு சட்டத்தால் நெறிப்படுத்தி, வரியும் விதித்தது. இதனால் வில்லோர்க்கு ஊதியமும், சீட்டு விற்போர் பலர்க்குப் பிழைப்பும் கிடைக்கின்றன. கலையும் நாள்தோறும் பயிலப்படுகின்றது. ஆயின், கனவிற் கண்டதைக்கொண்டு எண்ணைக் கணித்துக் கூலிப்பணத்தை இழப்போரும் உளராயினர். எய்பவனை விட்டு எண்ணின்மேல் ஊரின் கண் சென்றது. கலையை வாழ்விக்கும் பொருளே அக்கலையின் நோக்கத்தை மறைப்பதும் உண்டென்னும் இவ்வுண்மை, நிதி திரட்டும் எச்சங்கத்தாரும் மறவாது உள்ளத்திற் கொள்ளற்பாலது.

பிற நாட்டார்

மேனாடுகளிலும் இத்தகைய கழகங்கள் உள்ளன. பெல்சிய நாட்டுப் புரூச் நகரத்துப் புனித செபாத்தியர் வில்லோர் கழகம் பல நூற்றாண்டுகளாகத் தன் மனையிலேயே கூடிவருகின்றது. நாடிழந்து ஆங்குத் தங்கிய இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லசும் அதில் உறுப்பினனாயிருந்தான். காத்லாந்து நாட்டுக் கில்வின்னிங் ஊரார் கோபுரத்தின் உச்சியில் மரக்கிளி ஒன்றைக் கட்டி அம்பெய்யும் தம் வழக்கத்தை 1483 முதலாகக் கணக்கிடுகின்றனர். 2019-இல் துருக்கியரின் மரபுவழி வில்வித்தையை ஐக்கிய நாடுகளின் யுனெசுக்கோ மன்றம் மனித குலத்தின் மரபுச் செல்வமாகப் பதிந்தது. 2020-இல் கொரிய அரசும் தன் நாட்டு வில்வித்தையைத் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது. துப்பாக்கி வந்து நெடுங்காலம் கழிந்த பின்னும் இவர்கள் வில்லைப் பேணுதல் போர் கருதியன்று, கூடியிருத்தல் கருதியே.

இவற்றாற் பெறப்படுவன

மேற்கூறியவற்றை ஒருங்குவைத்து நோக்கின், நிலைபெற்ற வில்லோர் கழகங்கட்கெல்லாம் பொதுவாய நான்கு இயல்புகள் புலனாகின்றன. முதலாவது, குறித்த இடமும் குறித்த நாளும். இரண்டாவது, யாவரும் காண எண்ணும் முறை. மூன்றாவது, மூத்தோரும் இளையோரும் ஒரே வரிசையில் நின்று பயிலுதல். நான்காவது, அயலாரோடு பொருது அவரையே நண்பராக்குதல். இந்நான்கனுள் ஒன்று குறையினும் கழகம் பெயரளவினதாய்த் தேயும்.

நம் ஊர்ப்புறத்தில் இதற்கு இடம் அரிதன்று. கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லும் உடைய கொறங்காடுகளில் ஒரு மூலையைச் செம்மை செய்து, பின்புறம் மண்மேடு எழுப்பி, குறுக்கே எவரும் புகாவாறு காவல் வைப்பின் போதும். பொருளும் பெரிதும் வேண்டா. முதற்கண் மூங்கில் வில்லே சாலும். வேண்டுவது தக்க ஆசிரியரும், விடாத நாளொழுங்குமே.

இனி, இன்றியமையாத ஒன்று கூறுதும். கழகத்தில் யாரைச் சேர்ப்பது? “நம்மவர் மட்டுமே” என்பார் உளர். பாரதத்தில் ஏகலைவன் தன் கட்டைவிரலை இழந்தது அம்பு எய்யத் தெரியாமையாலன்று. குரு அவனை ஏலாமையால். அக்கதையைப் படித்துக் கண் கலங்கும் நாமே நம் களத்தின் வாயிலை அடைப்போமாயின், நம் கலக்கம் பொய்யாகும். இராசத்தானத்துப் பழங்குடியிற் பிறந்து மூங்கில் வில்லொடு வளர்ந்த லிம்பா ராம் 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் விழாக்களில் நம் நாட்டிற்காக வில்லேந்தினார். இராஞ்சிப் பக்கத்துத் தானி ஓட்டுநரின் மகளாகிய தீபிகா குமாரி 2010-ஆம் ஆண்டுப் பொதுநல நாடுகளின் போட்டியில் இரு தங்கப் பதக்கம் வென்றார். வாய்ப்பு நல்கப்பட்டமையால் இவர் ஒளிர்ந்தனர். நல்கப்படாமையால் ஒளிராது போனோர் எத்துணையரோ! ஆதலின், பெண்மக்களும் அயற்குலத்துப் பிள்ளைகளும் ஒப்பப் பயிலும் களமாக அஃது அமைதல் வேண்டுமென்பது எம் துணிபு. அதனால் நம் சங்கத்தின் பெருமை குன்றாது, வளரும்.

“பனியன் ஆலைக்குச் செல்லும் பிள்ளைக்கு வில் எதற்கு?” என்றார்க்கு எம் விடை இதுவே. வாரம் ஆறு நாளும் பொறியின் ஓசைக்குள் தனித்து நிற்பவனுக்கே, ஏழாம் நாள் ஊராரோடு கூடி நிற்க ஓரிடம் மிகவும் வேண்டும். மூச்சை அடக்கி, கண்ணை ஒருக்கி, நாணை இழுத்து நிற்கும் அந்நொடியில் அவன் கூலியாளல்லன். தன் கையும் மனமும் தனக்கு உரியவன். எய்த அம்பை எடுத்துவர நடக்கும்போது உடன் நடப்பவன் அவனுக்குத் தோழனாவான்.

முடிவுரை

வில் வளைந்தாலன்றி அம்பு செல்லாது. நாண் இருமுனையையும் பிணித்தாலன்றி வில் வளையாது. மூத்தோரும் இளையோரும் சங்கத்தின் இருமுனைகள்; அவரைப் பிணிக்கும் நாண் கூட்டுப் பயிற்சியே. அந்நாண் நம்மிடத்துத் தளர்ந்திருத்தலை நாம் அறிவோம். அதனை ஏற்றுதற்கு வில்லோர் கழகம் ஒன்றே வழியென்று யாம் கூறவில்லை. நல்ல வழிகளுள் ஒன்றென்றே கூறுகின்றோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் அன்பர்கள் இதனை நடுநின்று ஆராய்ந்து, பந்தயமும் குலவேற்றுமையும் புகாத விதிகளை முன்னரே எழுதிக்கொண்டு, பின்னர்க் களம் காண்பார்களாக.

ஒற்றுமை ஓங்குக! இளைஞர் வாழ்க!