ழ (எழுத்து)

ழ என்பது தமிழ் மெய்யெழுத்து வரிசையில் 15ஆவது எழுத்து. இடையினத்தைச் சேர்ந்தது, சொல்லின் முதலில் வராது. பள்ளிகளில் ‘சிறப்பு ழகரம்’ என்று வழங்கப்படுகிறது. நுனிநாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும்போது ரகரமும் ழகரமும் பிறக்கும் என்பது தொல்காப்பிய இலக்கணம்.

தோற்றம்

வடஇந்தியப் பிராகிருத மொழிகளை எழுதப் பயன்பட்ட பிராமியில் ழ, ள, ற, ன ஆகிய தமிழ் ஒலிகளுக்குத் தனி எழுத்துகள் இல்லை. தமிழை எழுத நேர்ந்தபோது இந்நான்கும் புதிதாகச் சேர்க்கப்பட்டன. ‘ட’வின் மெலிந்த ஒலிக்கு (ஆடு என்பதில் வருவது) உரிய பிராமி எழுத்தைத் திருத்தி ழ அமைக்கப்பட்டது என்பது கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் கருத்து. க முதல் வ வரையிலான வரிசை முடிந்தபின் ழ, ள, ற, ன கடைசியில் நிற்பதும் அவை பின்னர் சேர்ந்தவை என்பதைக் காட்டுகிறது.

மதுரைக் கல்வெட்டுகள்

மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் குன்றில் சமண முனிவர்களின் படுக்கைகள் உள்ள குகைத்தளங்களில் இவ்வெழுத்தின் மிகப் பழைய சான்றுகள் சில உள்ளன. 1882இல் ராபர்ட் சீவெல் இக்கல்வெட்டுகளைக் கண்டறிந்தார். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். ழ முதலிய எழுத்துகளை அடையாளம் கண்டதே அதற்கு வழிதிறந்தது. மாங்குளத்தில் ‘நெடுஞ்சழியன்’ என்ற பாண்டியன் பெயரிலும் ‘வழுத்திய்’ என்ற சொல்லிலும் ழ தெளிவாக இருக்கிறது. மகாதேவன் இவற்றை கி.மு. 2ஆம் நூற்றாண்டினவாகக் கொள்கிறார்.

பிற்காலத்தில் பாண்டிய நாட்டில் வட்டெழுத்து என்ற எழுத்துமுறை வழங்கியது. மதுரை ஆனைமலையில் உள்ள கி.பி. 770ஆம் ஆண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு அதற்குச் சான்று. 11ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சி வந்தபின், இன்றைய ழ வடிவத்துக்கு மூலமான தமிழ் எழுத்து இங்கே படிப்படியாக நிலைபெற்றது.

பிற மொழிகளில்

ஒரே சொல் மொழிக்கு மொழி மாறுவதைக் கோழியில் காணலாம்: மலையாளத்தில் கோழி, கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி. கிரந்த எழுத்திலிருந்து வளர்ந்த மலையாள எழுத்து இவ்வொலிக்குத் தனி வடிவம் வைத்துள்ளது. பழங்கன்னடக் கல்வெட்டுகளிலும் பழந்தெலுங்குக் கல்வெட்டுகளிலும் ழகரம் உண்டு. பின்னர் கன்னடத்தில் அது ளகரமாகவும் ரகரமாகவும், தெலுங்கில் பெரும்பாலும் டகரமாகவும் மாறியது. சோழமண்டலத்தை ஐரோப்பியர் ‘கோரமண்டல்’ என்று எழுதியபோது அது ரகரமாயிற்று.

இன்றைய வழக்கு

மதுரை வட்டாரப் பேச்சில் ழ பெரும்பாலும் ளகரமாக ஒலிக்கிறது: மழை ‘மள’ ஆகும். வடதமிழகப் பேச்சில் பழம் ‘பயம்’ ஆவதும் உண்டு. ஆங்கிலத்தில் இவ்வொலிக்கு ‘இசட்-எச்’ இணையோ ‘எல்’ எழுத்தோ இடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, மதுரைக்கு அருகிலுள்ள கீழடியின் பெயர் இரு வகையாகவும் எழுதப்படுகிறது. வழக்கொழிந்த தெலுங்கு ழகரம் 2014இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்டது.