வெல்டிங் கற்ற பெண்கள் – ஒரு வரலாறு



தையல், அழகுக்கலை, கணினி, காளான் வளர்ப்பு என்று எத்தனையோ பயிற்சி நம்ம குழுக்களுக்கு வந்திருக்கு. போகிறோம், கற்றுக்கொள்கிறோம், சான்றிதழ் வாங்குகிறோம். ஆனால் அந்தத் தொழிலிலேயே நிலைச்சு நின்னவங்க எத்தனை பேர்னு கேட்டா பதில் சொல்றது கஷ்டம். இதே கேள்வி 80 வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவிலும் வந்தது. அங்கே பெண்கள் கற்றது வெல்டிங். அந்த வரலாறு நமக்கும் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

போரும் கப்பலும்

1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. ஆண்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். சரக்கு ஏற்றிப் போகக் கப்பல்கள் வேணும், கட்ட ஆள் இல்லை. ஹென்றி கைசர் என்பவர் அணைகள் கட்டிய கான்ட்ராக்டர். அவர் கலிபோர்னியாவில் ரிச்மண்ட் ஊரிலும், ஒரேகான் மாநிலத்தில் போர்ட்லாந்து ஊரிலும் பெரிய கப்பல் தளங்களை நடத்தினார். 1942 முதல் பெண்களையும் ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தார்கள்.

அதுவரை கப்பல் தகடுகளைப் பழுக்கக் காய்ச்சிய ஆணிகளை அடித்துத்தான் இணைப்பார்கள். அதற்கு நாள்பட்ட பழக்கம் வேண்டும். வெல்டிங் வந்த பிறகு கப்பலைப் பகுதி பகுதியாகத் தனியே செய்து, கடைசியில் தூக்கி வைத்துப் பத்த வைக்க முடிந்தது. 1942 நவம்பரில் ரிச்மண்டில் 'ராபர்ட் இ. பியரி' என்ற கப்பலை ஐந்து நாளுக்குள் கட்டிக் கடலில் இறக்கினார்கள். அது விளம்பரத்துக்காகச் செய்த சாதனைதான். ஆனாலும் போர் முடிவதற்குள் அந்த வகைக் கப்பல் மட்டும் நாடு முழுக்க 2,700க்கு மேல் கட்டப்பட்டன. அதில் பெண்கள் பத்த வைத்த தையலும் நிறைய இருந்தது.

பயிற்சி முடிந்தும் ஏன் நின்றார்கள்?

வெல்டிங் என்றால் மின்சாரத்தால் வரும் நெருப்பில் இரும்பை உருக்கி ஒட்டுவது. ராடு தகட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கணும். தொட்டுவிட்டால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் நெருப்பு அணைந்துவிடும். கறுப்புக் கண்ணாடி வைத்த முகக்கவசம் இல்லாமல் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் ராத்திரி கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். கை நிதானம்தான் இதில் முக்கியம். அதனால் பெண்கள் சில நாள் பயிற்சியிலேயே ஆரம்ப வேலைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் பயிற்சி முடித்த பலர் வேலையில் நிற்கவில்லை. அரசாங்கக் கல்வி அலுவலகத்தில் பெண்கள் பயிற்சியைக் கவனித்தவர் அகஸ்டா கிளாசன். "பொண்ணுங்களுக்கு இது ஒத்துவராது" என்று அவர் மேசையில் உட்கார்ந்து முடிவெழுதவில்லை. 1943ல் போர்ட்லாந்து ஸ்வான் தீவுக் கப்பல் தளத்தில், தான் யார் என்று சொல்லாமல், சாதாரண வெல்டராகவே சேர்ந்தார். தினமும் நடந்ததை எழுதி வைத்தார். அடுத்த வருஷம் அது புத்தகமாக வந்தது.

அவர் கண்டது இதுதான். பயிற்சிக்கூடத்தில் மேசை உயரத்தில் தகடு, பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆள். கப்பலுக்கு வந்தாலோ உயரமான ஏணி, குனிந்து நுழைகிற இடுக்கு, காது அடைக்கிற சத்தம், தலைக்கு மேலே பத்த வைத்தால் மேலே விழுகிற நெருப்புப் பொறி. இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பெண்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. பயிற்சிக்கும் வேலை இடத்துக்கும் நடுவில் பாலம் இல்லை.

பிள்ளையை யார் பார்ப்பது?

இன்னொரு தடை நமக்கு நல்லாத் தெரிஞ்சதுதான். 1943 நவம்பரில் போர்ட்லாந்து தளங்களின் வாசலிலேயே இரண்டு குழந்தைகள் காப்பகம் திறந்தார்கள். இரவு ஷிஃப்டுக்கு வரும் அம்மாக்களுக்காக ராத்திரியும் திறந்திருந்தது. வேலை முடிந்து போகும்போது சமைத்த சாப்பாட்டை விலைக்கு வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போகவும் ஏற்பாடு இருந்தது. வேலைக்கு வரும் தாய்க்கு என்ன தேவை என்று யோசித்துச் செய்த காரியம் அது.

1945ல் போர் முடிந்தது. பெண்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். காப்பகங்களையும் மூடிவிட்டார்கள். கற்ற தொழில் கையில் இருந்தது, செய்ய இடம் இல்லாமல் போனது. அவசரத்துக்குக் கொடுத்த வேலை, அவசரம் தீர்ந்ததும் போய்விட்டது.

சமுதாயக் கல்லூரி

அந்த நாட்டில் சமுதாயக் கல்லூரி என்று ஒன்று உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில், குறைந்த கட்டணத்தில், வேலை பார்ப்பவர்களும் வயதானவர்களும் சேரலாம். இப்படிக் கல்லூரிகள் பெருக வேண்டும் என்று 1947ல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த குழு பரிந்துரை செய்தது. போர்ட்லாந்து சமுதாயக் கல்லூரி 1961ல் தொடங்கியது. 1964ல் வேலையிலும், 1972ல் கல்வியிலும் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று சட்டம் வந்தது. அதன் பிறகு வெல்டிங் வகுப்பில் பெண்கள் உரிமையோடு சேர முடிந்தது. பிற்காலத்தில் அந்தக் கல்லூரி, கிளாசன் வேலை பார்த்த அதே ஸ்வான் தீவில், கப்பல் தளத்துக்குள்ளேயே வெல்டிங் பயிற்சி நடத்தியது. பாலம் போட இவ்வளவு காலம் ஆனது.

வெல்டிங் தேர்வில் பத்த வைத்த துண்டை வளைத்துப் பார்ப்பார்கள். விரிசல் விழுந்தால் தோல்வி, விழாவிட்டால் தேர்ச்சி. செய்தது ஆணா பொண்ணானு அந்தத் தகட்டுக்குத் தெரியாது.

நம்ம பக்கம்

நம்ம ஊரில் இதற்கு ஐ.டி.ஐ. இருக்கிறது. வெல்டர் பிரிவு ஒரு வருஷப் படிப்பு, எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.களில் பெண்கள் சேர வயது உச்சவரம்பு கிடையாது. இது நம்மில் பலருக்குத் தெரியாது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் ஐ.டி.ஐ. சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. திருச்சியில் பாய்லர் செய்கிற பெல் தொழிற்சாலை இருக்கு, அங்கேயே 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருக்கு. இந்தத் தொழில் நமக்கு அந்நியம் இல்லை.

அடுத்து எந்தப் பயிற்சி வந்தாலும், அது வெல்டிங்கோ வேறு எதுவோ, கூட்டத்தில் மூன்று கேள்வி கேட்டுத் தீர்மான நோட்டில் எழுத வையுங்கள். வேலை நடக்கிற இடத்துக்கு முதலிலேயே கூட்டிப் போய்க் காட்டுவாங்களா? பயிற்சி நேரத்தில் பிள்ளைகளை யார் பார்த்துக்குவாங்க? பயிற்சி முடிஞ்ச பிறகு வேலை கொடுக்கப் போறது யார்? கேட்பதால் பயிற்சி போய்விடாது. கேட்காமல் விட்டால் சான்றிதழ் மட்டும்தான் பெட்டியில் மிஞ்சும்.